ஷம்சியா கேட்ட மஹர்

"ஒரே ஒரு வெள்ளிக் காசா? மஹருன்னு சொல்லி அதையா சபையில வைக்கிறது? ஊரு கைகொட்டிச் சிரிக்காது?"

செய்கு அலாவுதீன் போட்ட சத்தத்தில் பால்கனிப் புறாக்கள் இரண்டு எழுந்து பறந்தன. குவைத்தின் ஃபர்வானியாவில், மூன்றாவது மாடியில் அவருடைய ஃப்ளாட். வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம். எதிரே சோபாவின் நுனியில் ஃபாரூக், பரீட்சை எழுத வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான். முன்னால் வைத்த பால் சேர்க்காத சுலைமானி டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. பெண் கேட்டு வந்த இடத்தில் யாருக்குத்தான் டீ இறங்கும்?

"பொண்ணு கேக்க நாலு பெரியவங்களைக் கூட்டிட்டு வருவாங்க. நீங்க ஒத்தையா வந்து நிக்கிறீங்க. சரி, போகட்டும்னு விட்டேன். அஞ்சு பவுன்னு பேசி முடிச்ச பிறகு, இப்ப என்ன தம்பி புதுசா வெள்ளிக் காசு?"

"பேசி முடிச்சது நீங்க மாமா. மாப்பிள்ளை குடுக்கிற மஹர் என்ன வேணும்னு சொல்றது பொண்ணோட உரிமை இல்லையா? அதான் அவங்க தைக்கிற கடைக்கே போய்க் கேட்டேன்."

"பொண்ணுகிட்டயே நேரா போய்க் கேட்டீங்களா! யா அல்லாஹ், என்ன காலம் இது!"

"நான்தான் சொன்னேன் காக்கா."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது தங்கை ஷம்சியாவின் குரல். அண்ணனை எதிர்த்து அந்தக் குரல் பேசி அவர் கேட்டதே இல்லை. ஒரு கணம் அசந்துபோனார்.

"அப்படி என்னம்மா அந்தக் காசுல இருக்கு?"

"கடைக்கு அபாயா அங்கி தைக்க ஒரு அரபி மேடம் வருவாங்க. கழுத்துல அதைக் கோத்துப் போட்டிருந்தாங்க. இந்த நாட்டுப் பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை கெடச்சதுக்காகப் போட்ட காசாம். எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கினோம்னாங்க. அளவெடுக்கக் குனிஞ்சேன் காக்கா, கண்ணு முன்னால மின்னிச்சு. அன்னையிலேர்ந்து கனவுல வருது."

"கனவுலயா?"

"கடற்கரை ரோட்டுல அது மெதுவா உருண்டு போவுது. நான் பின்னாலயே நடக்கிறேன். எங்க பாத்தாலும் வெள்ளையா வெளிச்சம். எங்க போறேன்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. கண்ணு முழிச்சா அழுகையா வருது."

அந்தத் தெருவிலிருந்து கடல் தெரியாது. இருந்தும், அறைக்குள் உப்புக்காற்று ஒருமுறை வந்து திரும்பிப் போனதைப் போலிருந்தது ஃபாரூக்குக்கு. ஏசியின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

அலாவுதீன்தான் முதலில் விழித்துக்கொண்டார். "ஏற்கெனவே ஊரு ஒரு மாதிரியாத்தான் பேசுது ஷம்சியா. அதுல இது வேறயா? நான் சம்மதம் சொன்னாத்தான் நிக்காஹ், தெரியுமில்ல?"

"ஊருக்குப் பயந்து பயந்துதான் இத்தனை நாளா யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல, காக்கா." குரல் உடைந்தது.

ஃபாரூக் சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நிறப் பெட்டியை எடுத்துத் திறந்தான்.

"முபாரக்கியா சூக்குல கடை கடையா ஏறி இறங்கித் தேடினேன் மாமா. இதைத் திருப்பிக் கொண்டு போகச் சொல்லிடாதீங்க. டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, சாப்பிட்டியான்னு கேக்க நாதி இல்ல. அவங்க எங்க வீட்டுக்கு வரணும். எனக்கு வேற எதுவும் வேணாம்." கண் கலங்கியதை மறைக்கத் தெரியவில்லை அவனுக்கு.

அலாவுதீன் காசை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். சாயங்கால வெயில் அதில் பட்டு, சின்ன வெளிச்ச வட்டம் ஒன்று சுவரில் ஏறியது. மிதந்து மிதந்து திரைச்சீலை மேல் போய் நின்றது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எந்த நிமிடத்தில் போனது என்று அவருக்கே தெரியாது.

"பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கிறது வழக்கம்," என்றார் தணிந்த குரலில்.

"வேணாம் காக்கா. நான் வாயைத் தெறந்தே சொல்றேன். எனக்குச் சம்மதம்."

"கலாஸ், முடிஞ்சது! அப்புறம் நான் யாரு குறுக்க நிக்க?" அலாவுதீன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். காசைப் பெட்டியில் வைத்து ஃபாரூக்கிடம் நீட்டினார். "பத்திரமா வைங்க தம்பி. மாப்பிள்ளை கையாலதான் இதைக் குடுக்கணும்."

ஃபாரூக் பெட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தான். திரைச்சீலை பக்கம் திரும்பினான்.

"மாப்பிள்ளையா மேல வர வெக்கப்பட்டுக்கிட்டு, வாப்பா ஒரு மணி நேரமா கீழ கார்லயே உக்காந்திருக்காங்க," என்றான். "கூட்டிட்டு வரட்டுமா, உம்மா?"