பன்னிரண்டு இஞ்ச் டர்ன்டேபிள்

“இது எங்க அப்பா எனக்குத் தந்த வீடாக்கும். நீங்க ரயில் விட்டு விளையாடதுக்குத் தந்ததில்ல.”

“அப்போ நான் போறேன்.”

“போங்க.”

அவ்வளவுதான் பேச்சு. கல்ஃபில் கம்பெனி மூடிவிட, வேலையில்லாமல் மார்த்தாண்டத்தில் மனைவி பிரிஜாவின் வீட்டில் இருந்த டெல்வினுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முகமில்லை. அன்று சாயங்காலமே துணிப்பெட்டியோடு இனயத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

பெட்டி போனது, மாடியறையிலிருந்த மாடல் ரயில் போகவில்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை தண்டவாளம், ஸ்டேஷன், தென்னை என்று அறைக்குள்ளேயே பலகை அடித்துக் கட்டியது. முழுசாகப் படியிறங்காது.

அதனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வருவான். கேட்டில் நின்றே, “பிரிஜா, மேல போகட்டா?” என்பான். “ம்” என்பாள். கொஞ்ச நேரத்தில் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் சாசரில் வைத்துச் சாயா வரும்.

சாயாவை வைத்துவிட்டுக் கதவருகே கொஞ்சம் நிற்பாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள். பிறகு, “ஆறிரும், குடிங்க” என்று இறங்கிப் போவாள். அறையை எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்கத்தான் தயங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வான். முன்பென்றால் வலித்திருக்கும். இப்போது அதுகூட இல்லை.

காலி செய்ய வழியும் வந்தது. அஞ்சுகிராமத்தில் ஹோட்டல் வைத்திருக்கும் வைகுண்டராஜன், வாசலில் கண்ணாடிக்குள் வைக்க ரயிலை அப்படியே கேட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“கன்னியாகுமரில வந்து நிக்கிற இஞ்சின் திரும்பணும் டே. அதப் பாக்கத்தானே சனம் நிக்கும்?”

அதற்குத்தான் டர்ன்டேபிள். இஞ்சினை மேலே நிறுத்திச் சுவிட்சைப் போட்டால் வட்டமாகச் சுழன்று, வந்த திசைக்கே முகத்தைத் திருப்பிவிடும். இஞ்சினும் அதன் பின்னால் கோத்த கரிப்பெட்டியும் சேர்ந்து நிற்கப் பன்னிரண்டு இஞ்ச் வேண்டும். பார்சல் வருவது பிரிஜா முகவரிக்கு என்பதால் ஆர்டரும் அவள் போனில்தான். அளவை அவன் சொன்னான், அவள் போட்டாள்.

முதலில் வந்ததில் இஞ்சின் பாதி வெளியே தொங்கியது. திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது, பலகையின் விளிம்பையே தாண்டி நின்றது. அதையும் திருப்பி அனுப்பினார்கள்.

இன்று மூன்றாவது பார்சல். போன வாரமே பலகையில் வட்டமாக வெட்டி வைத்திருந்த ஓட்டை வழியே தரை தெரிந்தது. டெல்வின் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கீழே பிரிஜாவின் தையல் மிஷின் ஓசை நின்று, பக்கத்து வீட்டு விக்டோரியா அக்காவின் குரல் கேட்டது.

“எப்பிடிட்டி பிரிஜா? எம் மருமவள ஒருக்கா கோயில்ல வச்சுப் பாத்தே. டேப்பே வைக்காம தச்ச பிளவுசு, ஒரு சுருக்கம் இல்லியே!”

“ஒருக்கா பாத்தா போதும் அக்கா. அளவு மனசுல நிக்கும்.”

டெல்வின் டர்ன்டேபிளை ஓட்டைக்குள் வைத்தான். விளிம்பில் தங்காமல் கீழே நழுவியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மேசைமேல் வைத்து இஞ்சினை ஏற்றிப் பார்த்தான். இஞ்சின் நின்றது. கரிப்பெட்டி வெளியே நின்றது.

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பொருத்துவதற்கு எடுத்து வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரைத் திரும்பப் பெட்டியில் போடவும் தோன்றவில்லை.

போன் அடித்தது. வைகுண்டராஜன்தான்.

“இதும் அளவு தப்பி வந்திருக்கு அண்ணாச்சி.”

“அட, போட்டும் டே. நீ டர்ன்டேபிள் வாங்கதுக்குள்ள நான் ஹோட்டல மூடிருவேன். அது இல்லாமலே எடுத்துக்கிடுதேன். ரெண்டு ஆளோட நாளைக்கிக் காலைல வேன் வரும். கழட்டி எடுத்துட்டுப் போட்டும்.”

“சரி அண்ணாச்சி.”

திரும்பினால், சாயாவோடு பிரிஜா கதவருகே நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“நாளைக்கி வேன் வருது,” என்றான். “ரூம் காலியாவும். வாடகைக்கு விடணும்னா விட்டுக்கோ.”

அவள் மேசைமேலிருந்த டர்ன்டேபிளைப் பார்த்தாள்.

“இதத் திருப்பி அனுப்பிரு. பன்னிரண்டுன்னு சொன்னேன், பத்து வந்திருக்கு.”

“நான் பத்துதான் போட்டேன்.”

டெல்வின் நிமிர்ந்தான். “முன்னால வந்த ரெண்டும்?”

“அதும் நான் போட்டதுதான்.” கதவருகிலிருந்து உள்ளே வந்தாள். “அளவு எனக்குத் தெரியாதாக்கும்? சரியானது வந்திருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க எதுக்கு வருவிய?”

கீழே விக்டோரியா அக்கா, “ஏட்டி, நான் போறேன்” என்று குரல் கொடுத்தாள். பிரிஜா திரும்பிப் பார்க்காமல் சாயாவைக் கன்னியாகுமரி ஸ்டேஷன் பக்கத்தில் வைத்தாள். இந்தத் தடவை ஆறிரும் என்று சொல்லவில்லை.

“வேனத் திருப்பி அனுப்பிருங்க,” என்றாள். “நீங்க திரும்பி வந்திருங்க.”