அடிப்பக்கத் துரு

குழந்தை வீலென்று அழ ஆரம்பித்தால் போதும், மாமனார் காருக்கு அடியில் போய்விடுவார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் சரி. கையை உதறிக்கொண்டு எழுந்து, ஷெட்டுக்குள் போய், பாயை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்துவிடுவார். அடுத்த நிமிஷம் கம்பி பிரஷ் சத்தம். கரக்... கரக்... கரக்...

ஷெட்டுக்கும் குழந்தை படுக்கிற அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

குழந்தையைப் பார்க்க வந்திருந்த பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, உன் மாமனார் இவனுக்குத் தாத்தாவா, அந்தப் பழைய காருக்குத் தாத்தாவா?"

"அதுதானே பெரியம்மா மூத்த பேரன். இவன் அப்புறம் வந்தவன்தானே!"

"நீ மட்டும் என்னவாம்? கைக்குழந்தையை இப்படியா கத்த விடுறது? சமாதானம் பண்ணத் தெரியாதா?"

மருமகளுக்குச் சுருக்கென்று தைத்தது.

தனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையோ என்ற பயம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவளோடு கூட வந்துவிட்டது. குழந்தை அழுதாலும் பயம், அழாவிட்டாலும் பயம். தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், எவ்வளவு கத்தினாலும் கடைசியில் அவன் அவள் தோளில் தூங்கிவிடுவான் என்பதுதான்.

அன்றைக்கும் தோளில் போட்டு, நடந்து, தட்டி, பாடி... தூங்கிவிட்டான்.

"கைராசிக்காரிதான் போ!" என்று பெரியம்மாவே ஒப்புக்கொண்டாள்.

அவன் நன்றாக அயர்ந்த பிறகுதான் மாமனார் ஷெட்டிலிருந்து வெளியே வந்தார். தலை, புருவமெல்லாம் கறுப்புப் பொடி.

"தூங்கிட்டானாம்மா?"

"அவ்வளவு சத்தத்துலயும் தூங்கிட்டான் மாமா," என்றாள், 'சத்தத்'தைக் கொஞ்சம் அழுத்தி.

"நீ தூக்கினா தூங்காம என்ன?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

குத்தலா? அவளுக்குப் புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்த?"

"பேரன் அழுதா தூக்க மனசு வரலை, சரி. எழுந்து ஓடுறார், அதுவும் சரி. ஓடினவர் சும்மா படுத்திருக்கலாம்ல? இந்தப் பக்கம் நான் தொண்டை வறளப் பாடுறேன், அந்தப் பக்கம் கரக்கரக்னு..."

"மழைக்கு முன்னாடி அடிப்பக்கத் துருவைச் சுரண்டிட்டு கோட்டிங் அடிக்கணும்டி. தகடு ஓட்டை விழுந்துட்டா அந்தக் காருக்கு வேற தகடு எங்கயும் கிடைக்காது. அப்பாவுக்கு அது உசிரு."

"அப்படி என்ன தீராத துரு? காரா வெச்சிருக்கார், கப்பலா?"

மறுநாள் காலையில் கணவன் பேச்சை எடுத்தான்.

"அப்பா, மெக்கானிக்கை வரச்சொல்லி ஒரேயடியா முடிச்சிடுங்களேன். அவளுக்குத் தொந்தரவா இருக்காம்."

மாமனார் தலையைச் சொறிந்தார். "இன்னும் கொஞ்சம் துரு பாக்கி இருக்கேப்பா."

"அதையும் அவரே பார்த்துக்குவார்."

மெக்கானிக் அன்றைக்கே வந்துவிட்டார். காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, விளக்கோடு அடியில் நுழைந்தார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, டீ எடுத்துக்கொண்டு போனவள் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல்:

"அண்ணே, யாரு பண்ணின அநியாயம் இது?"

"ஏன்ப்பா?"

"துரு இருந்ததே உள்ளங்கை அகலந்தான். நல்லா இருந்த பெயிண்ட்டை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் சுரண்டி, வெறும் தகடாக்கி வெச்சிருக்கு! இனிமே ஈரம் பட்டாலே பொரிஞ்சு போகும். பகையாளிகூட இப்படிப் பண்ண மாட்டான்."

"கத்தாதே. நான்தான்."

"நீங்களா!"

"துரு முதல் நாளே போயிடுச்சு. ஆனா இந்தச் சத்தம் கேட்டதும் பய அழுகையை நிறுத்திட்டான். நான் நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்கிறான். என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"ஏதாவது பழைய தகரத்தைச் சுரண்டறதுதானே?"

"சுரண்டிப் பார்த்தேன். ஏமாற மாட்டேங்கிறான். இந்தக் கார்தான் வேணுமாம். என் ரத்தமாச்சே!"

வாசலில் நின்றவள் காதில் எல்லாம் விழுந்தது. அப்படியானால் அந்தத் தோள்? அந்தப் பாட்டு? அந்தக் கைராசி?

"வீட்ல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அண்ணே? பேரன் அழுதா பெரியவர் ஓடுறார்னு தெருவே சிரிக்குது."

"சிரிச்சுட்டுப் போகட்டும். தன் தோள்லதான் பிள்ளை தூங்குறான்னு அந்தப் பொண்ணு நினைச்சுக்கிட்டிருக்கு. அந்த ஒரு தைரியத்துலதான் நடமாடுது. நீ பாட்டுக்கு வாயை விட்டுடாதே."

உள்ளே குழந்தை வீலென்றது.

மாமனாரின் கை தானாகப் பிரஷைத் தேடி எடுத்தது. திரும்பியவர், வாசலில் மருமகளைப் பார்த்ததும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். குனிந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் தகடு பளபளவென்று மின்னியது.

"கோட்டிங் இன்னைக்கு வேண்டாம் மாமா, இன்னும் எவ்வளவு துரு இருக்கு பாருங்க!" என்றாள். "நீங்க சுரண்டிக்கிட்டிருங்க. நான் போய் அவனைத் தூங்க வைக்கிறேன்."