ஆக்டன் கடையில் நாலு கையெழுத்து

மணி ஒன்றரை. வில்ஃப்ரெட் ஆக்டனின் இசைத்தட்டுக் கடை வாசலில் இருநூறு பெண்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்த அன்றுகூட ராச்டேல் கடைத்தெரு அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை.

வினையை விலைக்கு வாங்கியவர் ஆக்டன்தான். தேவாலயப் பாட்டும் பித்தளை வாத்தியமுமாக விற்றுக்கொண்டிருந்தவருக்கு, ஊரோடு ஒத்துப்போகும் ஆசை வந்துவிட்டது. ‘லிவர்பூல் டாக்சைடர்ஸ் குழு நேரில் வருகிறது! நாலு பாட்டு அடங்கிய தங்கள் முதல் இசைத்தட்டில் நால்வரும் கையெழுத்திடுவார்கள்! சனிக்கிழமை பகல் பன்னிரண்டு!’ என்று கண்ணாடியில் எழுதி ஒட்டினார்.

குழுவைக் காணோம். லிவர்பூலுக்குப் போன் போட்டால், “காலையிலேயே கிளம்பிட்டாங்களே!” என்றார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பாடிய பெண்கள் ஒரு மணிக்கு அழுதார்கள். இப்போது கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆக்டன் பின்வாசல் வழியாக நழுவினார். சந்தில் மீன் வறுவல் கடை. அங்கே நாலு வாலிபர்கள் நின்றபடி உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். மழையில் தொப்பலாக நனைந்து, கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் கரி. ஏதோ பட்டறை ஆட்கள். ஆனால் சரியாக நாலு பேர். நாலு பேருக்கும் முடி புருவத்தில் வந்து விழுந்தது.

கையிலிருந்த இசைத்தட்டின் உறையைப் பார்த்தார். பனிமூட்டத்தில் நாலு பேர் எகிறிக் குதிக்கிற படம். முகம் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் முடிதான். யாரை நிறுத்தினாலும் பொருந்தும்!

“தம்பிகளா, ஒரே ஒரு மணி நேரம் டாக்சைடர்ஸா நடிக்க முடியுமா? ஆளுக்கு ரெண்டு துண்டு மீன், என் செலவு.”

நால்வரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஒல்லியாக இருந்தவன் தொண்டையைச் செருமினான். “உண்மையைச் சொல்லணும்னா சார், நாங்க வந்து...”

“உண்மையெல்லாம் வேண்டாம்ப்பா. அதுக்கு இப்ப நேரமில்ல!”

ஒல்லியன் மற்ற மூவரையும் பார்த்தான். மூவரும் கூரையைப் பார்த்தார்கள். “சரி முதலாளி. ஆனா மீன் பெருசா இருக்கணும்.”

பின்னறையில் முகம் கழுவவைத்து, ஆக்டன் அவசரமாகப் பெயர்களைப் பங்குபோட்டார். “குண்டா இருக்கிற நீ, பாடகன் ரோரி.”

“முதலாளி, ரோரியா நான் இருக்கேனே!” என்று கெஞ்சினான் ஒல்லியன்.

“உன் மூஞ்சியில பாடுற களையே இல்லடா. நீ ட்ரம்ஸ் அடிக்கிற டெஸ். செவப்புச் சட்டை, நீ கிளைவ். அடுத்தவன் லென். எங்கே, நான் குடுத்த பேரைக் கையெழுத்துப் போட்டுக் காட்டுங்க.”

குண்டன் சுவரில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். பயத்தில் அழுகிறான் என்று நினைத்து, ஆக்டன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கதவு திறந்தது. கூரை பறக்காததுதான் குறை. மூன்று பெண்கள் மயங்கி விழுந்தார்கள். யார் யாரைப் பார்த்து யார் பெயரைக் கத்துகிறார்கள் என்று எவருக்கும் விளங்கவில்லை. மை காயும் முன்பே கையெழுத்துக்கு முத்தம் கொடுத்தார்கள். முதல் பத்து நிமிடம் ஜெபம் முணுமுணுத்த ஆக்டன், அடுத்த பத்தாவது நிமிடம் மேஜையில் தாளம் போட்டார்.

இருநூறு இசைத்தட்டும் தீர்ந்து கூட்டம் கலைந்தபோது, கான்ஸ்டபிள் ஹார்கர் உள்ளே நுழைந்தார்.

“ஆக்டன், அந்த நாலு பேர் எங்கே?”

ஆக்டன் விலங்கு மாட்டத் தோதாக இரண்டு கையையும் நீட்டினார். “என்னைக் கொண்டுபோங்க ஐயா! அவங்க பாவம், பட்டறைப் பசங்க. ஊரை ஏமாத்தச் சொன்னது நான்தான்!”

ஹார்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“பட்டறைப் பசங்களா? எம் பொண்ணு இந்த நாலு மூஞ்சியையும் வீடு முழுக்க ஒட்டிவெச்சிருக்காய்யா! மேட்டுல இவங்க வேன் படுத்துடுச்சு. இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்ல வந்தேன்.”

பின்னறை வாசலிலிருந்து வாய் நிறைய மீனோடு நால்வரும் கையசைத்தார்கள். “நாங்க சொல்லத்தான் வந்தோம் முதலாளி. நீங்கதான் நேரமில்லைன்னீங்க!” என்றான் ஒல்லியன்.

ஆக்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹார்கரின் கையைப் பிடித்து ஒரு சுற்று ஆடியே விட்டார். நாம் யாரையும் ஏமாற்றவில்லை! அசல் டாக்சைடர்ஸ்!

ஆட்டம் சட்டென்று நின்றது.

“அப்போ... இதுல ரோரி யாரு?”

ஒல்லியன் கையைத் தூக்கினான்.

“டெஸ்?”

குண்டன் தூக்கினான். மற்ற இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டார்கள்.

ஆள் நாலும் அசல். கையெழுத்து எண்ணூறும் போலி!