சின்னத் துளை, பெரிய கீறல்

“நாலே நாலு ஓட்டை. உள்ளே நுழையறோம், பையை உருவறோம், வெளியே வந்துடறோம். அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் கணவர்.

திருட்டுக்குத் திட்டம் போடவில்லை. கல் நிறைந்த தன் மனைவியின் பித்தப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷின் விற்பவர். பதினெட்டு வருஷமாகப் பித்தப்பை எடுத்துவரும் டாக்டரம்மாவிடமே கீஹோல் ஆபரேஷனை விற்றுக்கொண்டிருந்தார்.

“இப்ப வலி எப்படிம்மா இருக்கு?” என்றார் டாக்டர், ஸ்கேன் உறையை மடியில் வைத்திருந்த மனைவியிடம்.

“நேத்தைக்குப் பரவாயில்ல, மேடம்” என்றார் கணவர்.

டாக்டர் அவர் பக்கமே திரும்பிக்கொண்டார். வாய் அங்கேதானே இருந்தது.

“காலையில வந்தா சாயங்காலம் வீடு. ஒரே வாரத்துல பழையபடி ஓடலாம். ஆனா இவளுக்கு வயித்தைக் கிழிக்கிற பழைய ஆபரேஷன்தான் வேணுமாம். எங்கப்பா, அம்மா, தம்பி, ரெண்டு பசங்க, நான், ஆறு பேரும் ஏகமனதா கீஹோல்னுட்டோம்.”

பித்தப்பை யாருடையது என்பது மட்டும் அந்தத் தீர்மானத்தில் விட்டுப்போயிருந்தது.

“வெளியே ஒரு ஃபாரம் கொடுப்பாங்க. அவங்களுக்கும் சேர்த்து நீங்களே நிரப்பிடுவீங்க” என்று டாக்டர் அவரை அனுப்பிவைத்தார். பாராட்டு என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

“கேமராவை உள்ளே விடுவாங்கன்னு பயமாம்மா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். பயந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் தலையசைப்பார்கள். பெரியதைக் காட்டி மிரட்டினால் சின்னதற்குச் சம்மதித்துவிடுவாள் என்று டாக்டர் ஒரு தாளை இழுத்து வயிறு வரைந்தார்.

“கீஹோல்னா இப்படி நாலு புள்ளி. திறந்து பண்ணினா, விலாவுக்குக் கீழே ஒரு ஜாண் நீளத்துக்குக் கீறல். அஞ்சு நாள் இங்கேயே படுக்கணும். வீட்டுக்குப் போயும் ஆறு வாரம் ஒரு வாளி தண்ணி தூக்கக் கூடாது, குனிஞ்சு பெருக்கக் கூடாது, அடுப்புகிட்ட நிக்கக் கூடாது. வேளாவேளைக்கு யாராவது தட்டைக் கையில கொண்டுவந்து கொடுக்கணும்.”

கேட்கக் கேட்க அவள் கண்கள் விரிந்தன. மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் பேனாவை மூடினார்.

“இப்ப சொல்லுங்க.”

அவள் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள். மேஜைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இதைவிடப் பெருசா ஏதாவது ஆபரேஷன் இருக்கா, டாக்டர்?”