ராசியில்லாத ஆள்

“உந்தப் புதுக் கார்களின்ரை முகத்தைப் பாத்தனியே தம்பி? எல்லாம் ஆரையோ அடிக்கப் போற மாதிரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிக்குதுகள்,” என்றார் பின் சீற்றில் இருந்தவர்.

நிருஷன் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி சிரித்தான். “அப்ப என்ரை மொறிஸ் மைனர் எப்பிடி ஐயா?”

“இது சின்னப்பிள்ளை. ரெண்டும் வட்டக் கண். இப்பதான் நித்திரையால எழும்பி முழிச்சுப் பாக்குது.”

ஆள் நல்ல கதைகாரர். அதுதான் நிருஷனுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்படி ஒரு மனிசனை ஏமாற்ற வேண்டியிருக்கிறதே.

வேலையைத் தந்தது அவனுடைய கூட்டாளி லக்சன். வல்வெட்டித்துறையில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் அவன். இன்றைக்குப் பின்நேரம் அவர்களுக்கு இறுதிப் போட்டி. கழகத்தின் ரசிகர் கனகலிங்கம் நோர்வேயில் இருந்து வந்து நிற்கிறார். அவர் மைதானத்தில் கால் வைத்த எந்தப் போட்டியிலும் கழகம் வென்றது கிடையாது.

“நேர சொன்னா மனம் நொந்துபோவார் மச்சான்,” என்று லக்சன் சொல்லியிருந்தான். “திருநெல்வேலியில லொட்ஜ் வாசலில கழகத்தின்ரை நீலச் சட்டையோட நிப்பார். ஏத்திக்கொண்டு எங்கையாவது சுத்து. மட்ச் முடியுமட்டும் இஞ்சால மட்டும் கொண்டு வந்திடாத.”

நிருஷன் கனகலிங்கத்தை முன்பின் கண்டதில்லை. ஆனால் வாசலில் நீலச் சட்டை நின்றது. “கனகலிங்கம் ஐயாதானே? மட்சுக்கோ?” என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் பின்னால் ஏறி இருந்துவிட்டார். அவன் காரை நேர் எதிர்ப்பக்கமாக, தன் ஊரான சண்டிலிப்பாய்க்கு விட்டான்.

“அந்த நாளையில முழு ரீமும் உப்பிடி ஒரு காரிலதான் போறனாங்கள்,” என்றார் அவர். “கோல்கீப்பர் டிக்கிக்குள்ள.”

“டிக்கிக்குள்ளயோ! ஏன் ஐயா?”

“விழுந்து மடங்கிக் கிடந்து பழகினவன் அவன் ஒருத்தன்தானே.”

நிருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது வல்வெட்டித்துறை போற றோட்டு இல்லையே. புகையிலைத் தோட்டமெல்லோ தெரியுது.”

“அங்கால றோட்டுத் திருத்துறாங்கள் ஐயா. சுத்தித்தான் போகவேணும்.”

“அப்ப கெதியா விடு. நான் போகாட்டிப் பெடியள் தோத்துப்போடுவாங்கள்.”

நிருஷனுக்குப் பாவமாக இருந்தது. மனிசனுக்குத் தன்னுடைய ராசி தெரியவில்லை.

கார் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. பின்னால் ஆள் இருந்தால் அந்தப் பழைய சீற்று ஸ்பிரிங் கத்துகிற கத்தில் ஊரே திரும்பிப் பார்க்கும். இன்றைக்குச் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தான். அவர் அசையாமல் நிமிர்ந்து இருந்தார்.

“இப்ப ஒண்டு வாங்கிட்டாங்கள்,” என்றார்.

“என்னத்தை ஐயா?”

“கோல்.”

அவர் கையில் ஃபோன் ஒன்றும் இல்லை. நிருஷனுடைய ஃபோன்தான் டிங் என்றது. லக்சன் எழுதியிருந்தான்: ‘ஒரு கோல் விழுந்திட்டுது. ஆளை விட்டிடாத.’

நிருஷன் ஃபோனைக் கீழே வைத்தான். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வலையில பந்து பட்டா எனக்குக் கேக்கும்.”

காருக்கு வெளியே தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. மைதானம் எங்கேயோ வடக்குக் கரையில் கிடந்தது.

“ரெண்டாவதும் போச்சு,” என்றார் அவர், உடம்பில் அடிபட்டவர் மாதிரி. “இடப்பக்க மூலை. பெடியன் பிந்திப் பாஞ்சிட்டான். தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன், காரைத் திருப்பு. நான் அந்தக் கோலுக்குப் பின்னால ஒருக்கா நிண்டாப் போதும்.”

நிருஷன் காரைத் தோட்ட வேலியோரம் நிறுத்தினான். அவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ராசியில்லாத ஆள் இங்கே இருக்கிறார். பிறகு அங்கே ஏன் கோல் விழுகிறது? திருப்புவதா, விடுவதா என்று தடுமாறிக்கொண்டிருக்க, ஃபோன் அடித்தது.

“டேய், எங்கயடா நிக்கிற?” லக்சன் கத்தினான். பின்னால் சனத்தின் இரைச்சல்.

“சண்டிலிப்பாயிலதான்ரா. பயப்பிடாத, ஆளை விடேல்ல. காருக்குள்ளதான் இருக்கிறார்.”

“எந்த ஆள்? விசரே உனக்கு? கனகலிங்கத்தார் உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டு களைச்சுப்போய், ஓட்டோ பிடிச்சு வந்து இஞ்ச முன்வரிசையில இருந்து விசிலடிக்கிறார்! இப்பதான் கண்டனான். மூண்டாவதும் விழுந்திட்டுது!” அவன் குரல் உடைந்தது. “எங்கடை பழைய கோல்கீப்பர் கதிரவேலண்ணையின்ரை ஞாபகார்த்தக் கிண்ணமடா இது. வேற எல்லாத்திலையும் தோத்தாலும், அவர் செத்த நாளில இருந்து இந்தக் கிண்ணத்தை மட்டும் நாங்கள் ஒருத்தருக்கும் விட்டதில்லை.”

நிருஷனுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. அவனுடைய கழுத்துக்குக் கிட்டவாக, மெதுவாக அந்தக் குரல் வந்தது.

“என்ரை படத்துக்கு மாலை போட்டிட்டினமோ எண்டு ஒருக்காக் கேள் தம்பி.”