எழுதியவர் பெயர் இல்லை

"ஓடிபி வந்துச்சாண்ணா?"

"வரலப்பா."

"இன்னாண்ணா நீ, மூணாவது வாட்டி அனுப்பிக்கீறேன். நல்லா பாரு."

சிப்காட் தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில், யூடியூப்புக்கு அனுப்ப வேண்டிய புகாரைத் தன் போனில் நிரப்பிக்கொண்டிருந்தான் ரகு. பக்கத்தில் தேசப்பன். இருவரும் ஒரே இரும்பு ஆலையில் வேலை செய்பவர்கள். ரகு வந்து சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தேசப்பனுக்கு அங்கே கம்பி எடை போடும் வேலை. மிச்ச நேரமெல்லாம் கதை எழுதுவார். அட்டையில் தன் பெயர் போட்ட புத்தகம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று இருபது வருஷமாக ஏங்குகிற மனுஷன்.

அது இன்று காலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஓர் இணையதளத்தின் போட்டியில் அவருடைய பன்னிரண்டு கதைகளைப் புத்தகமாகப் போடத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. 'தங்கள் கதைகளை ஒரு யூடியூப் சேனல் பெயரில்லாமல் வாசித்து வெளியிட்டு வருகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அதன்மீது புகார் செய்து அத்தாட்சி அனுப்பவும். தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும்.'

இந்தக் காலத்தில் கதை எழுதுவதில் என்ன கஷ்டம்? எழுதின பிறகு படுகிற பாடுதான் பெரும்பாடு. பாஸ்வேர்டு மறந்துபோனது. புது பாஸ்வேர்டு 'பலவீனமாக இருக்கிறது' என்றது. நீ ரோபோ இல்லையென்றால் சிக்னல் இருக்கும் கட்டங்களைத் தொடு என்றது. தேசப்பன் பஸ்ஸைத் தொட்டார். இவ்வளவையும் தாண்டி வந்தால் ஓடிபி.

"உனுக்குக் கோவமே வரல. அதான் ஓடிபியும் வரல" என்றான் ரகு. "இத்த கேளு, அப்பவாவது வருதா பாக்கலாம்."

அந்தச் சேனலைத் தட்டினான். ஓர் இளம்பெண்ணின் குரல்.

"வணக்கம். இன்னைக்கும் வாட்ஸ்அப்ல வந்த ஒரு கதை. எழுதினவங்க பேரு இல்லை. யாரா இருந்தாலும் ரொம்ப நன்றிங்க. வேற கதைகளுக்காக ஏற்கெனவே ரெண்டு புகார் வந்துடுச்சு. இன்னொண்ணு வந்தா சேனலையே மூடிடுவாங்க. கைக்குழந்தையை வச்சிக்கிட்டு எனக்கு இது ஒண்ணுதான் வேலை. தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க."

பின்னால் எங்கோ குழந்தை சிணுங்கியது.

"பாத்தியா, கொழந்த அழுவுறதக்கூட கட் பண்ணல. உன் கதைக்கு இதான் மரியாத" என்று ரகு நிறுத்தப் போனான்.

"இருப்பா. ஓடட்டும்."

தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டீயில் ஆடை படிந்தது. ஒரு வரியில் அந்தப் பெண் மூச்சு வாங்க நிறுத்தினாள். அவரும் மூச்சை நிறுத்தினார். ரகு சிரித்துவிட்டான்.

"இன்னாண்ணா, குரல்ல மயங்கிட்டியா? அண்ணியாண்ட சொல்லட்டா?"

"நல்லாத்தான் படிக்குது."

"திருட்டுக் கத நல்லாத்தான் இருக்கும். யோவ் தேசப்பண்ணா, அந்தப் பொண்ணுமேல எனுக்குக் கோவம் இல்ல. எவனோ உன் பேர வெட்டிட்டு ஃபார்வர்டு பண்ணிக்கினு கீறான் பாரு, அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். எழுதுறவன் வயித்தெரிச்சல் அவனுக்கு இன்னா தெரியும்?"

தேசப்பன் டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஆறு எண்கள், பளிச்சென்று. முதல் இரண்டு தடவையும் வந்திருந்தன.

"வந்துச்சா?"

"இல்லப்பா. கம்பெனி மெசேஜி."

"பேஜாரா போச்சு." ரகு மணி பார்த்தான். நாலே முக்கால். "எனுக்கு வண்டி போயிரும். ஓடிபி வந்தா ஒடனே கால் பண்ணு, ரயில்லேர்ந்தே போட்டுர்றேன். இருபது வருசமா காத்துக்கினு இருந்த, பதினஞ்சு நிமிசத்துல கோட்ட வுட்றாத."

ரகு ஸ்டேஷன் பக்கம் ஓடினான். தேசப்பன் இன்னொரு டீ சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து அடித்தது. ஐந்து ஐந்துக்கு அந்தத் தளத்திலிருந்து 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்தது. ஆசை இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன். அட்டை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். அந்த நம்பர் ரகுவுக்குத் தெரியாது. நேற்று எழுதி முடித்த புதுக் கதை அதில் இருந்தது. கீழே இருந்த தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். மேலே 'படித்ததில் பிடித்தது' என்று சேர்த்தார். முன்பு அந்தப் பன்னிரண்டு கதைகளை அனுப்பியதைப் போலவே, அந்தச் சேனலின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினார்.

பெயர் இருந்தால், அதை வாசிக்கும் ஸ்நேகா தொடக்கூட மாட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் சாம்சனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற மகளிடம், "இனிமே என்ன அப்பான்னு கூப்புடாத" என்று சொன்னவர் தேசப்பன்தான். அவள் அவருடைய நம்பரை பிளாக் செய்தாள். அதன்பிறகு கூப்பிடவே இல்லை.

புதுக் கதையில் ஒரு பெண் ஏழு இடத்தில் 'அப்பா' என்று கூப்பிடுகிறாள். நாளைக்கு ஸ்நேகா அதை வாய்விட்டுப் படித்தாக வேண்டும்.