பலகையில் இருக்கும் பெயர்

நண்பகலிலும் சூரியன் இல்லை. எரிவாயுவைக் கொளுத்தும் உயரமான குழாயின் செந்தீதான் பனிமேல் ஆடிக்கொண்டிருக்கிறது. சாவடித் தடுப்புக்கு முன்னால் எங்கள் கலைமான்கள் மூச்சுப் புகைய நிற்கின்றன. தடுப்புக்கு அப்பால் எண்ணெய் வயல். அதையும் தாண்டினால்தான் மேய்ச்சல். வயலின் பெயர் பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. என் மகளின் பெயர். இங்கே எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள், தங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்த சிறுமியின் பெயரை ஆசையாக அதற்கு வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். செத்தவர் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவார்கள்.

“எந்த வயலுக்குள்ள போகணும்? பேரச் சொல்லுங்கம்மா” என்கிறான் புதிதாக வந்த காவலாளி. சறுக்குவண்டியில் இருக்கும் என் மனைவி சவோனே தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “அதான் எழுதியிருக்கே, தம்பி. நீயே படிச்சுக்க” என்கிறேன் நான். “ஏன், வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?” சிரித்துக்கொண்டே அவன் வயர்லெஸ்ஸை எடுத்து, உள்ளே இருப்பவர்களை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். வெறும் இரைச்சல். இன்னும் உரக்கக் கூப்பிடுகிறான். “கேக்குதா? எங்க போய்த் தொலைஞ்ச? வா, லைனுக்கு வா!”

சவோனே திரும்பி வெண்பரப்பைப் பார்க்கிறாள். பிறகு மெல்ல நகர்ந்து, வண்டியில் தன் பக்கத்தில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் விடுகிறாள்.